கைக்கு அளவெடுத்த விசைப்பலகை

போன ஆனி மாதம், இந்தத் தடவை எப்படியும் காரைக்கால் மாங்கனித் திருவிழாவைப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். என் அக்கா வாழ்க்கைப்பட்டிருப்பது காரைக்காலை அடுத்த வரிச்சிக்குடியில். "வருஷா வருஷம் கூப்பிடறேன், நீதான் அந்த டைப் மெஷினைக் கட்டிக்கிட்டு அழறே" என்று போனில் சலித்துக்கொண்டாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. பத்தாவது முடித்த கையோடு, 1996-ல் மயிலாடுதுறையில் ஓர் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்து தமிழ்த் தட்டச்சு லோயர் பாஸ் செய்தவள் நான். கல்யாணமாகி, குழந்தைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், வீட்டிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, ஆராய்ச்சி மாணவர்களின் ஆய்வேடு, வக்கீல் குமாஸ்தா கொண்டுவரும் மனு என்று டைப் அடித்துக் கொடுக்கிறேன். பெரிய வருமானம் என்று சொல்வதற்கில்லை. ஆனால் பெண்ணின் காலேஜ் ஃபீஸில் பாதி என் கைக்காசு. அந்தப் பெருமை எனக்கு உண்டு.

யாரிடமும் சொல்லாத ஒரு சங்கதியும் இருந்தது. ஆறு மாதமாக நடு ராத்திரியில் வலது கை மரத்துப்போய் விழிப்பு வந்துவிடும். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் எறும்பு ஊர்வது மாதிரி ஒரு குறுகுறுப்பு. கையை உதறினால் கொஞ்சம் அடங்கும். இவரிடம் சொன்னால் "டைப் அடிச்சது போதும், நிறுத்து" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். அந்த பயத்தில் வாயைத் திறக்கவில்லை.

மயிலாடுதுறையில் பஸ் ஏறினால் செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், பொறையார் என்று வழியெல்லாம் வயலும் வாய்க்காலும்தான். பொறையாருக்குப் பக்கத்தில் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-ல் கோட்டை கட்டிய ஊர். தமிழில் புதிய ஏற்பாடு 1715-ல் அச்சானதும் அங்கேதான். நம் எழுத்துக்களை உலோகத்தில் வார்த்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கினார்களே, அவர்கள் விரல்கள் எவ்வளவு நொந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டே போனேன். தனக்கு வலி வந்தால்தானே பிறத்தியார் வலி நினைவுக்கு வருகிறது!

நண்டலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் புதுச்சேரியின் காரைக்கால் பகுதி ஆரம்பம். பூவம் தாண்டிச் சற்றுத் தூரத்தில் வரிச்சிக்குடி. கோட்டுச்சேரி கொம்யூனைச் சேர்ந்த ஊர். 'கொம்யூன்' என்பது பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன வார்த்தை. 1739-லிருந்து 1954 வரை காரைக்கால் அவர்கள் கையில்தானே இருந்தது! பக்கத்தில் திருவேட்டக்குடி. சம்பந்தர் பாடிய சிவன் கோயில் ஒரு புறம், 2010-ல் தொடங்கிய என்.ஐ.டி. கல்லூரி ஒரு புறம், அதற்கப்பால் கடல். வரிச்சிக்குடியில் இறங்கியதுமே அந்தக் கடல் காற்று முகத்தில் அடித்தது.

அக்காவின் மாமியாருக்கு எண்பத்து நான்கு வயது. நானும் அவரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கூடத்தில் கண்ணாடி அலமாரிக்குள், காலஞ்சென்ற மாமாவின் பழைய டைப்ரைட்டர் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் ஆபீஸில் ஓடியது, பிறகு ஏலத்தில் எடுத்தது என்று சொல்வார்கள். பழக்கதோஷம், நான் போய் விசைகளைப் பார்த்தேன். நம் ஆங்கில மெஷினில் 'க்யூ' இருக்கிற இடத்தில் அதில் 'ஏ' இருந்தது! முதல் வரிசை ஏ, இசட், ஈ, ஆர், டி, ஒய் என்று போகிறது. 'அசெர்ட்டி' என்று அதற்குப் பெயராம். எண்களை அடிக்க ஷிஃப்ட் விசையை அழுத்த வேண்டும். முற்றுப்புள்ளி வைக்கக்கூட ஷிஃப்ட்!

"இவ்வளவு வருஷத்துல நான் இதைத் தொட்டதே இல்லை. மாமா தொட விடமாட்டாங்க. துடைக்கிறது மட்டும்தான் என் வேலை" என்று அத்தை சிரித்தார்.

உள்ளே அக்கா மகனின் அறை. கம்ப்யூட்டர் படித்துவிட்டு, சென்னைக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறான். மேஜையைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. விசைப்பலகை இரண்டு துண்டாகக் கிடந்தது! நடுவில் ஒரு சாண் இடைவெளி, இரண்டையும் சேர்த்து ஒரு ஒயர்.

"ஐயையோ, உடைஞ்சுபோச்சா தம்பி?" என்றேன்.

"காசு கொடுத்து உடைஞ்சதா வாங்கியிருக்கான். போன மாசச் சம்பளத்துல முக்கால்வாசி இதுக்கே போச்சு" என்று அடுக்களையிலிருந்து அக்கா குரல் கொடுத்தாள்.

நானும் சேர்ந்து சிரித்தேன். சிரித்திருக்க வேண்டாம் என்று மறுநாளே தோன்றியது.

மறுநாள் காரைக்கால். காரைக்கால் அம்மையார் வரலாறு உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனிப் பௌர்ணமியை ஒட்டி நடக்கும் விழாவில் பிட்சாடனர் வீதி உலா வரும்போது, வீடுகளின் மாடியிலிருந்தும் கூரையிலிருந்தும் ஜனங்கள் மாம்பழங்களை இறைக்கிறார்கள். கீழே நிற்பவர்கள் கையை நீட்டிப் பிடிக்கிறார்கள். என்ன கூட்டம், என்ன ஆரவாரம்! எனக்கு நேராகவே ஒரு பழம் வந்தது. வலது கையில் விழுந்தது. பிடித்தும்விட்டேன். ஆனால் விரல்கள் மூடவில்லை! பழம் நழுவிக் கீழே விழுந்து, யாரோ காலில் மிதிபட்டது. "கைக்கு வந்ததை விட்டுட்டியே" என்றாள் அக்கா. எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. கூட்டத்தில் யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன். அக்கா மகன் பார்த்திருக்கிறான்.

அன்று ராத்திரி வழக்கம்போல் கை மரத்து, திண்ணையில் உட்கார்ந்து உதறிக்கொண்டிருந்தேன். அவன் வேலை முடித்து விளக்கை அணைக்க வந்தவன், பக்கத்தில் உட்கார்ந்தான்.

"எத்தனை நாளா சித்தி?"

"எது தம்பி?"

"மாம்பழத்தை விட்டீங்களே, அது."

சொல்லிவிட்டேன். யாரிடமாவது சொன்னால் போதும் என்று இருந்திருக்கிறது போலும். அவன் அதிர்ச்சியடையவில்லை. "எனக்கும் படிக்கும்போது மணிக்கட்டு வலி வந்துச்சு. அதுக்கப்புறம்தான் இந்தப் பைத்தியம் பிடிச்சது. முதல்ல டாக்டர்கிட்ட போங்க. அதுல தள்ளிப்போடவே கூடாது. நாளைக்குக் காலையில உங்க கையை அளவெடுக்கிறேன்" என்றான்.

கையை அளவெடுப்பதா! காலையில் காபி குடித்ததும் ஒரு வெள்ளைத் தாளில் என் கையை விரித்து வைக்கச் சொல்லி, பென்சிலால் சுற்றி வரைந்தான். மருதாணி வைக்கக் காட்டுகிற மாதிரி நானும் காட்டிக்கொண்டிருந்தேன். பிறகு ஸ்கேலை வைத்து விரல் விரலாக அளந்தான். "பார்த்தீங்களா, உங்க சுண்டு விரல் நடுவிரலைவிட எவ்வளவு சின்னது! ஆனா சாதாரண விசைப்பலகையில எல்லா விரலுக்கும் ஒரே நேர் வரிசை" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ரவிக்கை தைக்கக் கொடுத்தால் அளவு ரவிக்கை கொடுக்கிறோம். வளையல் வாங்கினால் கைக்குச் சேருமா என்று போட்டுப் பார்க்கிறோம். தினம் ஆறு மணி நேரம் விரல் வைக்கிற பலகைக்கு மட்டும் அளவு கேட்க நமக்குத் தோன்றவே இல்லையே!

அவன் சொன்ன கதையை அப்படியே சொல்கிறேன். அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவர் உருவாக்கிய டைப்ரைட்டர் 1874-ல் ரெமிங்டன் கம்பெனி மூலம் விற்பனைக்கு வந்தது. ஒவ்வொரு விசைக்கும் அடியில் ஓர் இரும்பு நெம்புகோல். அவை ஒன்றோடொன்று மோதாமல் போக வேண்டும் என்பதற்காகத்தான் மேல் வரிசையும் கீழ் வரிசையும் கொஞ்சம் கொஞ்சம் விலகி, படி மாதிரி இருக்கின்றன. இன்றைய கம்ப்யூட்டரில் நெம்புகோலே இல்லை. ஆனாலும் அந்தக் கோணல் வரிசை அப்படியே! மெஷினின் வசதிக்காக வந்தது மெஷின் போன பிறகும் நம் கையை விடவில்லை.

இதை மாற்ற முயன்றவர்களும் உண்டு. ஆகஸ்ட் டுவோராக் என்ற அமெரிக்கப் பேராசிரியர், அடிக்கடி வரும் எழுத்துக்களை நடு வரிசைக்குக் கொண்டுவந்து 1936-ல் காப்புரிமை பெற்றார். 1970-களில் இங்கிலாந்தில், தட்டச்சு செய்பவர்களுக்குப் பயிற்சி அளித்துவந்த லிலியன் மால்ட் என்ற பெண்மணி, ஸ்டீபன் ஹாப்டே என்பவரோடு சேர்ந்து, கைக்கு ஏற்றபடி குழித்து, இரு கைகளுக்கும் தனித்தனியாகப் பிரித்த 'மால்ட்ரான்' பலகையை உருவாக்கினார். விரல் நோவதை நேரில் பார்த்த ஒரு பெண் இதில் முன்னால் நின்றார் என்று கேட்டதும் எனக்கு ஒரே சந்தோஷம். அத்தை வீட்டு அலமாரியில் இருக்கிற அசெர்ட்டிக்குக்கூட, பிரான்ஸிலேயே 2019-ல் திருத்திய முறை ஒன்றைத் தேசியத் தரமாக வெளியிட்டார்கள். அதோடு விரலுக்கு இதமான 'பெப்போ' என்ற முறைக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது அவனைப் போன்ற ஆர்வக்காரர்கள் தாங்களே பலகை செய்துகொள்கிறார்கள். வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. இரண்டு துண்டாக இருப்பதால் தோளை ஒடுக்காமல், கைகளைத் தோள் அகலத்துக்கு வைத்துக்கொள்ளலாம். விசைகள் நடுவிரலுக்கு உயர்ந்தும் சுண்டு விரலுக்குத் தாழ்ந்தும் செங்குத்து வரிசையாக நிற்கின்றன. சும்மா இருக்கிற கட்டை விரலுக்கு இரண்டு மூன்று விசைகள். எந்த விசை எந்த எழுத்து என்பதையும் நாமே மாற்றிக்கொள்ளலாம்.

விசைகளிலும் ரகம் உண்டு. நீலம் என்றால் 'டிக் டிக்' என்று சத்தம் போடும். பழுப்பு என்றால் சத்தமில்லாமல் விரலுக்கு மட்டும் ஒரு சின்ன மேடு தெரியும். சிவப்பு, வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி வழுக்கிப் போகும். அழுத்த நாற்பத்தைந்து கிராம் விசை போதுமாம். இன்ஸ்டிடியூட் மெஷினில் நாங்கள் குத்திய குத்து நினைவுக்கு வந்தது! ஒவ்வொரு விசையையும் பிரித்து, மெல்லிய தூரிகையால் மசகு தடவி மறுபடி பூட்டுகிறார்கள். சென்னை, பெங்களூர்ப் பக்கமெல்லாம் இந்த ஆர்வக்காரர்கள் ஒரு நாள் கூடி, அவரவர் பலகையை மேஜைமேல் பரப்பி வைத்து, ஒருவர் பலகையில் ஒருவர் அடித்துப் பார்ப்பார்களாம். "கொலு பார்க்கப் போற மாதிரின்னு சொல்லு" என்றேன். "அதேதான் சித்தி, சுண்டல் மட்டும்தான் இல்லை" என்றான்.

அவனுடைய பழைய பலகை ஒன்றை என்னிடம் கொடுத்தான். மொத்தமே நாற்பத்திரண்டு விசை. அங்கேதான் எனக்குச் சோதனை. நான் படித்தது பழைய டைப்ரைட்டர் முறை. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போய் உழைத்த ஆர். முத்தையா தமிழுக்கு டைப்ரைட்டர் அமைத்துக் கொடுத்த வழியில் வந்த முறை. இருநூற்று நாற்பத்தேழு எழுத்தை ஒரு சின்ன மெஷினில் அடக்கினாரே, அவருக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோம்! புள்ளியும் விசிறியும் அடித்தால் தாள் நகராதபடி 'நகரா விசை' வைத்தது அவர் யோசனை. ஆனால் அந்த முறைக்கு விசைகள் நிறைய வேண்டும். இந்தக் குட்டிப் பலகையில் இடம் பற்றாது.

"தமிழ் 99-க்கு மாறிடுங்க சித்தி" என்றான்.

சென்னையில் 1999-ல் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட முறை அது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆய்தம் ஒன்று, ஆக முப்பத்தொரு விசை போதும். உயிரெழுத்துக்கள் இடது கையில், மெய் பெரும்பாலும் வலது கையில். தமிழில் மெய்யும் உயிரும் மாறி மாறித்தானே வரும்? அதனால் இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்யும், உரல் குத்தும்போது இரண்டு பேர் மாற்றி மாற்றி உலக்கை போடுவதுபோல. க, ப, ம, த, ந, ய இவை விரல் தங்கும் நடு வரிசையிலேயே இருக்கின்றன. 'அம்மா' என்று அடிக்கப் பழைய முறையில் அ, புள்ளி, ம, ம, கால் என்று ஐந்து தட்டு. இதில் அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழுந்துவிடுகிறது!

கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பழகிய விரல்! முதல் பத்து நிமிஷம் ஒரு வரி வரவில்லை. எழுத்தறிவில்லாதவள் போல் ஆகிவிட்டேன். "இந்த வயசுக்கு மேல எனக்கு வேண்டாம்பா" என்று எழுந்துவிட்டேன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அத்தை, "நான் தொடலாமா?" என்றார்.

அவன் சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டான். முட்டி வீங்கி வளைந்த விரல்கள். எழுத்தெழுத்தாகத் தேடி, இடது கையில் ஒன்று வலது கையில் ஒன்று என்று தட்டி, தன் பெயரை அடித்தார். திரையில் வந்ததை ரொம்ப நேரம் பார்த்தார். "வலிக்கவே இல்லையே!" என்றார். பிறகு அதற்குக் கீழே மாமா பெயரையும் அடித்தார். அலமாரிப் பக்கம் திரும்பி, "பாருங்க, தொட்டுட்டேன்" என்று சொன்னபோது அக்காகூடச் சிரிக்கவில்லை.

எண்பத்து நாலில் அவர் தொட்டார். நாற்பத்தாறில் நான் எழுந்து போவதாவது! பலகையைப் புடவைக்கு நடுவே வைத்துப் பையில் சுற்றிக்கொண்டேன்.

திரும்பும்போது நண்டலாற்றுச் சோதனைச் சாவடியில் பைகளைப் பார்த்தார்கள். காரைக்காலிலிருந்து வருகிறவர்கள் பையில் என்ன தேடுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்! புடவைக்குள் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டதும் காவலர் முகம் மாறியது. பிரித்துப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உடைஞ்சதைப் போய் இவ்வளவு பத்திரமா எடுத்துட்டுப் போறீங்க?" என்றார். "உடைஞ்சது இல்லீங்க, கைக்கு அளவெடுத்தது" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது.

ஊருக்கு வந்ததும் இவரிடம் சொல்லிவிட்டேன். திட்டவில்லை. "முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கேட்டு, மறுநாளே டாக்டரிடம் அழைத்துப் போனார். மணிக்கட்டில் ஒரு குறுகிய பாதை வழியாக விரல்களுக்குப் போகும் நரம்பு நெரிபடுகிறதாம். 'கார்ப்பல் டனல்' என்றார்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருமாம். ரத்தம் பார்த்ததில் தைராய்டு சுரப்பும் குறைவு என்று தெரிந்தது. அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். மாத்திரை கொடுத்து, ராத்திரியில் மணிக்கட்டு மடங்காமல் இருக்கப் பட்டை போட்டுக்கொள்ளச் சொன்னார். ஆகவே பலகையால்தான் குணமாயிற்று என்று நான் சொல்லமாட்டேன். பலகை மருந்தல்ல. டாக்டரிடம் போகாமல் பலகை மட்டும் வாங்கியிருந்தால் தைராய்டு தெரிந்தே இருக்காது.

ஆனால் டைப் அடிப்பதை நிறுத்தாமல் இருக்க முடிந்தது அந்தப் பலகையால்தான். முதல் மூன்று வாரம் ரொம்பக் கஷ்டம். ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. ஓர் ஆய்வேட்டை "என்னால் முடியாது" என்று திருப்பிக் கொடுத்தேன். அந்த மாத வரும்படி போனது போனதுதான். மூன்றாவது மாதம் பழைய வேகத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டேன். இப்போது வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள்தான் ராத்திரி விழிப்பு. வேலை இல்லாத மத்தியானத்தில்கூட, அந்த மெல்லிய 'தொக் தொக்' சத்தத்துக்காகவே உட்கார்ந்து ஏதாவது அடிக்கிறேன். இந்தக் கட்டுரையும் அப்படி அடித்ததுதான்!

சகோதரிகளே, எல்லோரும் காசு செலவழித்துப் பலகை வாங்க வேண்டும் என்பதில்லை. செலவில்லாமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. டைப் அடிக்கும்போது முழங்கை மேஜை மட்டத்தில் இருக்கட்டும். நாற்காலி தாழ்வாக இருந்தால் ஒரு மணைப்பலகையோ மடித்த போர்வையோ போட்டுக்கொள்ளுங்கள். மணிக்கட்டு மேலும் கீழும் மடங்காமல் நேராக இருக்க வேண்டும். அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து கையை நீட்டி மடக்குங்கள். கைக்குழந்தைக்காரர்களுக்குக் கட்டை விரலை அடுத்த மணிக்கட்டில் வலி வருவது சகஜம். கட்டை விரலை அகட்டிக் குழந்தையின் அக்குளில் கொடுத்துத் தூக்காமல், உள்ளங்கையை அடியில் கொடுத்து அள்ளித் தூக்குங்கள். ராத்திரியில் கை மரத்தால், பாத்திரம் நழுவினால், "வேலை செஞ்ச அலுப்பு" என்று மறைக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். கர்ப்பிணிகளும் சர்க்கரை உள்ளவர்களும் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

அடுத்த ஆனிக்கும் வரிச்சிக்குடி போவதாக இருக்கிறேன். அத்தை அதற்குள் மாமாவுக்கு ஒரு பக்கக் கடிதம் அடித்து முடித்துவிடுவாராம். எனக்கு வரும் மாம்பழத்தை இந்தத் தடவை நான் விடப்போவதில்லை.